ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்கியம்

என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது ஜெலுத்தோங் பசாரில், மீன்கடைக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். கெம்போங் மீன் என்று கேட்க வாயைத் திறந்தவருக்கு வேறு ஏதோ வார்த்தை வந்திருக்கிறது. மறுபடி கேட்டிருக்கிறார், மறுபடியும் வேறு ஏதோ. பல வருஷமாக அவருக்கு மீன் கொடுக்கும் சீனத்து அம்மா, விளையாடுகிறார் என்று நினைத்து முதலில் சிரித்தாராம். கையிலிருந்த பை நழுவி விழுந்ததைப் பார்த்ததும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்கார வைத்து, அவர் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிச் சேர்ந்தபோது என் கணவர் பெட்டிமேல் உட்கார்ந்து ஐஸில் கிடந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் பெயரை ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். வீட்டுக்கு வந்தபோது வலது கை மடியில் கிடந்தது, வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சில் மிஞ்சியவை நான்கைந்து சொற்கள்: ஆமா, இல்ல, அது, இந்தா. இவற்றோடு, யாரும் எதிர்பார்க்காத தெளிவோடு, மலாயில் ஐயோ என்பதற்குச் சொல்லும் "அலாமாக்!" எதையாவது தட்டிவிட்டால், சோறு சிந்தினால், லிஃப்ட் வராவிட்டால் அது மட்டும் பழைய குரலில் பழைய வேகத்தில் வந்துவிடும். நான் திரும்பிப் பார்ப்பேன். அதற்குப் பின்னால் வேறு எதுவும் வராது.

அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். படிப்பு அதிகமில்லை, ஆனால் வாசிப்பு அதிகம். தமிழ்ப் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கத்து மரண அறிவிப்பு வரை வாசிப்பார். கையில் சிவப்புப் பேனா இருக்கும். எழுத்துப்பிழை கண்டால் வட்டம் போடுவார். அந்த வட்டங்களை யாருக்கும் அனுப்பமாட்டார், யாரிடமும் காட்டமாட்டார். போட்டால் அவருக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே பேப்பரைக் கேட்டார். கேட்டார் என்றால் கை காட்டினார். வாங்கி வந்து கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே வைத்திருந்தார். முக்கால் மணி நேரம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுப்படியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் கவனித்தேன், அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. மறுநாளும் அப்படியே. நான் பார்க்கிறேன் என்பதற்காகவே அவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஓர் இளம் மலாய்ப் பெண். பொறுமையான பிள்ளை. பேப்பர் விஷயத்தை அவளிடம் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது என்றாள். ஒரு வெள்ளைத் தாளில் சன்னல் மாதிரி வெட்டி, அதைத் தன் மலாய்ப் பாடத்தாள்மேல் வைத்து, ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி காட்டினாள். "சிக்கிட்-சிக்கிட் லா, காக்," என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அக்கா. "அவருக்குப் பிடித்த மொழியில், பிடித்த விஷயமாக இருக்கட்டும். என்னிடம் தமிழில் எதுவும் இல்லை."

வீட்டில் வந்து நானும் அட்டையில் சன்னல் வெட்டினேன். பேப்பர்மேல் வைத்தேன். அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு இடது கையால் தட்டிவிட்டார். அட்டை சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. "இல்ல," என்றார். பிழை பார்த்து வட்டம் போட்ட மனிதருக்கு அட்டையில் ஓட்டை வெட்டிக் கொடுத்தால் வேறு என்ன செய்வார்?

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நான் வீட்டிலிருந்தே இணையதளங்களைப் பராமரிக்கிறவள். ஒரு தையல்கடை, இரண்டு டியூஷன் சென்டர், ஒரு கேட்டரிங்காரர், இவற்றோடு ஒரு தமிழ் இணைய இதழ். அந்த இதழை நடத்துபவர் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நானும் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். வாரம் இரண்டு கதை, ஒரு கட்டுரை, ஒரு சமையல் குறிப்பு. டீச்சர் கதையை அப்படியே எங்கள் மென்பொருளில் ஏற்றிவிடுவார், அது பக்கமாக்கிக் காட்டும். நீளமான கதையாக இருந்தால் நடுவில் ஒரு குறி வைப்பார். குறி இருக்கும் இடத்தில் பக்கம் உடைந்து, கீழே 1, 2, 3 என்று எண்கள் வரும்.

ஒரு மத்தியானம் என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் டீச்சரின் கதை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். குறியை டீச்சர்தான் வைக்கவேண்டும் என்று என்ன இருக்கிறது என்று தோன்றியது. கதையைத் தொடவே வேண்டாம். திரைக்குப் போவதற்கு ஒரு நொடி முன்னால் நான் எழுதும் நிரல் குறுக்கே புகுந்து, தானே குறிகளை வைக்கலாம். எத்தனை வேண்டுமானாலும். அதுவும் ஒரே ஒருவருக்கு மட்டும். அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அந்தக் கணக்கில் நுழைந்தவருக்கு மட்டும் சின்னப் பக்கம், மற்ற எல்லோருக்கும் எப்போதும்போல.

அவர் எழுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். எண்பது எழுத்துக்கு ஒரு பக்கம். மகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய டேப்லட்டில், எழுத்தைப் பெரிதாக்கி, அவர் மடியில் வைத்தேன்.

"டீச்சரோட சைட்ட புதுசா மாத்திட்டாங்க. கொஞ்சம் பாருங்களேன்," என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். 'அடுத்து' என்ற பொத்தானைத் தொட்டார். புதுப் பக்கம் வந்ததும் அவர் புருவம் சுருங்கியது. திரையின் மேல் ஓரத்தை விரலால் தட்டினார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அது. அது!"

குனிந்து பார்த்தேன். கதையில் 'கொடி' என்று ஒரு சொல். நமக்கு 'கொ' ஒரு எழுத்து. கணினிக்கு அது இரண்டு. என் நிரல் சரியாக எண்பதாவது இடத்தில் வெட்டியதில் 'க' முந்தின பக்கத்தில் நின்றுவிட்டது. கொம்பும் காலும் மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில், நடுவே வெறும் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு நின்றன. அந்த அநாதை எழுத்தைத்தான் அவர் தட்டிக் காட்டினார்.

எனக்கு வெட்கப்படத் தோன்றவில்லை. மூன்று மாதமாக அவருக்கு எழுத்து தெரிகிறதா, வெறும் கோடுகளாகத் தெரிகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உடைந்த எழுத்து உடைந்திருக்கிறது என்று தெரிகிறவருக்கு முழு எழுத்து தெரியாமல் இருக்குமா? நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தள்ளிவிட்டு மறுபடியும் தட்டினார். பிழை இன்னும் அங்கேயே இருந்ததே.

எழுத்தை எண்ணுவதை விட்டுவிட்டு வாக்கியத்தை எண்ணினேன். முற்றுப்புள்ளி வந்தால் ஒரு பக்கம். அது எளிது என்று நினைத்தேன். 'திரு.' என்ற சொல்லில் புள்ளி இருக்கிறது என்பதை மறந்துபோனேன். ஒரு முழுப் பக்கத்தில் 'அப்போது திரு.' என்று மட்டும் பெரிதாக நின்றது. "அலாமாக்," என்றார். அவர் சிரித்தது போலவும் இருந்தது.

அடுத்தது எண்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம் என்றால் கதை தொண்ணூறு பக்கம் ஆகிவிடும். கீழே 1, 2, 3 என்று தொடங்கி 94 வரை வரிசை கட்டின. அவர் அந்த 94-ஐப் பார்த்தார். டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் தொடவில்லை. மறுநாள் எண்களை எல்லாம் எடுத்துவிட்டேன். 'அடுத்து', 'முந்தைய' என்ற இரண்டு பெரிய பொத்தான்கள் மட்டும். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பொத்தான்கள் வலது ஓரத்தில் இருந்ததால் இடது கையைக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. அவற்றை இடப்பக்கம் மாற்றினேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கோப்பி குடித்ததும் வாசிப்பார். எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தும் கெரெத்தா பட்டறை ஒன்று உண்டு. ஒன்பது மணிக்கு அங்கே சுத்தியல் சத்தம் தொடங்கும். அதற்குள் பத்துப் பக்கம் முடிந்திருந்தால் நல்ல நாள். பத்துப் பக்கம் என்றால் பத்து வாக்கியம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று சர்வரில் பதிவாகும். அவர் கூடத்தில் பொத்தானைத் தொட்டால் மேசையிலிருக்கும் என் திரையில் ஒரு வரி ஏறும். ஒரு வாக்கியத்துக்கு இரண்டரை நிமிஷம். அடுத்ததற்கு இரண்டு நிமிஷம். சில நாள் முந்தைய பக்கம், அடுத்த பக்கம், முந்தைய பக்கம் என்று ஒரே இடத்தில் நடை பயில்வார். ஏதோ ஒரு சொல் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தச் சொல்லை மத்தியானச் சாப்பாட்டில் என் பேச்சில் எப்படியாவது சேர்த்துவிடுவேன். "இன்னிக்கு என்ன வெக்கை பாருங்க, *அனல்* மாதிரி அடிக்குது." அவர் நிமிர்ந்து பார்ப்பார். மறுநாள் அந்த இடத்தைத் தாண்டிப் போவார். என்னை மிகவும் கெட்டிக்காரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஐந்தாவது மாதத்தில் சத்தமில்லாமல் ஒன்றை இரண்டாக்கினேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்கியம். அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை, வாசித்தார். மலாய்ப் பெண் அவரைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். பேச்சும் கொஞ்சம் வந்தது. தண்ணி, வலி, வேணாம், மழை.

இப்படி இருக்கையில் டீச்சர் ஒரு நாள் தளம் திறக்க மெதுவாக இருக்கிறது என்று சொன்னார். நான் ஒரு வசதியை முடுக்கிவிட்டேன். ஒருமுறை தயாரித்த பக்கத்தை மென்பொருள் சேமித்து வைத்துக்கொள்ளும், அடுத்து வருகிறவருக்கு அதையே எடுத்துக் கொடுக்கும். எல்லோரும் செய்வதுதான். என் கணவருக்குக் கொடுக்கும் பக்கத்தைச் சேமிக்காதே என்று அதற்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை புதுக் கதை வந்தது. அந்த இதழில் முதல் ஆளாகக் கதையைத் திறக்கிறவர் என் கணவர்தான். அவருக்காக வெட்டிய பக்கங்களை மென்பொருள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள எல்லா வாசகர்களுக்கும் வழங்கியது. பதினொரு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார். மீன் கழுவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா நடக்குது? காலையிலேர்ந்து எனக்கு போன்மேல போன். கதைய துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கு லா. ரெண்டு வரி, அப்புறம் பொத்தான். ரெண்டு வரி, அப்புறம் பொத்தான். கோலாலம்பூர்லேர்ந்து ஒருத்தர் கேக்கறாரு, இது சின்னப் பிள்ளைங்களுக்கா நடத்துறீங்கன்னு!"

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரை நிறுத்தியிருக்கவேண்டும். பதற்றத்தில் வாய்தான் முந்திக்கொண்டது. "ஐயோ டீச்சர், மன்னிச்சிருங்க. அது அவருக்காக மட்டும் போட்டது. அவரால மொத்தமா படிக்க முடியாதுல்ல, அதனால..."

திரும்பினேன். அவர் அடுப்படி வாசலில் கைத்தடியோடு நின்றிருந்தார்.

சமாளிக்கலாம் என்று ஏதோ சொல்லிக்கொண்டே கிட்டப் போனேன். அவர் கூடத்துக்குத் திரும்பிப் போய், டேப்லட்டை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு பால்கனியில் போய் உட்கார்ந்தார். நான் தளத்தைச் சரிசெய்தேன், பத்து நிமிஷ வேலை. பால்கனிக்குப் போய் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன்."

அவர் வார்த்தையைத் தேடினார். தேடும்போது அவர் தாடை அசையும், கண் எங்கோ மேலே போகும். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று மலாய்ப் பெண் சொல்லியிருந்தாள். காத்திருந்தேன். கீழே பட்டறையில் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா," என்றார். தன் நெஞ்சைத் தொட்டார். "நான்... பாப்பா?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய் மிச்ச மீனைக் கழுவினேன்.

ஒன்பது நாள் அவர் எதையும் வாசிக்கவில்லை. பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நடிப்பும் இல்லை. சாப்பிட்டார், பயிற்சிக்கு வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கோபத்தை வேறு எதிலும் காட்டவில்லை. சனிக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் அவருக்குப் பிடித்த நாசி கண்டார் சோற்றைப் பொட்டலமாகப் புங்குஸ் பண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டு குழம்பும் கலந்து ஊற்றச் சொல்லி, வெண்டைக்காய் தனியாக. சாப்பிட்டுவிட்டு "நல்லா," என்றார். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

டீச்சரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "அப்படியா," என்று கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார். பத்தாம் நாள் காலை எங்கள் வீட்டு மணி அடித்தது. திறந்தால் டீச்சர் நிற்கிறார். புக்கிட் மெர்தாஜாமில் பஸ் ஏறி, ஃபெரியில் கடலைத் தாண்டி, ஜெட்டி படகுத்துறையிலிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறார், எழுபத்திரண்டு வயதில். ஒரு கையில் வாழைப்பழ பஜ்ஜி மாதிரி இங்கே சாலையோரம் விற்கும் பிசாங் கோரெங் பொட்டலம், எண்ணெய் ஊறியிருந்தது. தோளில் துணிப்பை.

"ஒன்ன பாக்க வரல," என்று என்னிடம் சொல்லிவிட்டு நேரே அவர் எதிரில் போய் உட்கார்ந்தார்.

அவர்கள் இருவரும் அதற்கு முன் ஒருமுறை சந்தித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் டீச்சர் பழைய பகையாளியிடம் பேசுவது போலத் தொடங்கினார். "நாலு வருஷத்துக்கு முந்தி என் இதழ்ல பதினாலு பிழைன்னு கடுதாசி எழுதினது நீங்கதான? ஒவ்வொன்னுக்கும் வரி எண்ணு போட்டு. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல, தெரியுமா?"

நான் திகைத்துப் போனேன். வட்டங்களை அவர் யாருக்கும் அனுப்பியதில்லை என்றுதானே நினைத்திருந்தேன். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆனால் உதட்டோரம் துடித்தது.

"பதினாலுல பதிமூணு சரி," என்றார் டீச்சர். "ஒன்னு தப்பு. அத அப்புறம் பேசுவோம்."

பிறகு பையிலிருந்து சில தாள்களை எடுத்தார். அன்று தளம் துண்டு துண்டாக வந்தபோது திட்டியவர்கள் அநேகம் பேர். ஆனால் சரியான பிறகு ஆறேழு பேர் அது எங்கே போயிற்று என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்குக் கண்ணில் அறுவை நடந்திருக்கிறது. ஓர் அம்மா, தாதி வேலை செய்கிறவர், இரண்டு வரி என்றால்தான் வேலைக்கு நடுவில் வாசிக்க முடிகிறது என்கிறார். இன்னொருவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை. முதல்முறையாக ஒரு கதையைக் கடைசி வரை வாசித்தேன் என்று மட்டும் எழுதியிருந்தார்.

"எனக்கு அத திரும்பப் போடணும். வேணுங்கறவங்களுக்கு மட்டும்," என்றார் டீச்சர். "ஆனா இப்ப இருக்கிற மாதிரி வேணாம். ஒங்க வீட்டம்மா எழுதின புரோகிராம் கசாப்புக்கடை மாதிரி வெட்டுது. ரெண்டு முற்றுப்புள்ளி வந்தா போதும், ஒரே போடு. போன வாரக் கதையில ஒருத்தி கதவத் தட்டுறா, உள்ளேர்ந்து யாருன்னு குரல் வருது. தட்டுறது, குரலு ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டுடுச்சு, நடுவுல இருக்கற காத்திருப்பே போச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு." அடுத்த வாரத்துக் கதையை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். அதை அவர் முன்னால் வைத்தார். "நீங்க எங்க வெட்டுவீங்க? காட்டுங்க."

நான்கு பக்கம், நெருக்கமான எழுத்து. அவரால் முடியாது. முடியாமல் போவதை டீச்சர் முன்னால் வேறு அனுபவிக்கவேண்டும். "டீச்சர்..." என்றேன்.

"நீ போய் தேத்தண்ணி போடும்மா," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

என் கணவர் தாளைப் பார்த்தார். மேசைமேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். பிறகு அச்செடுத்த மற்ற மூன்று தாள்களையும் எடுத்து, முதல் தாளின் முதல் இரண்டு வரிக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்து வைத்தார். நான் அட்டையில் வெட்டிக் கொடுத்து அவர் தட்டிவிட்டாரே, கிட்டத்தட்ட அதே வேலை. வாசித்தார். தாளை ஒரு வரி இறக்கினார். வாசித்தார்.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. டீச்சர் உதவிக்குப் போகவில்லை, உற்சாகமாகவும் ஒன்றும் சொல்லவில்லை. பிசாங் கோரெங்கில் பாதியைத் தின்றுவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த எங்கள் மகளின் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் என் கணவர் முதல் தாளை மட்டும் முடித்திருந்தார். இடது கையால் போட்ட ஏழு சிவப்புக் கோடுகள், எல்லாம் கோணல்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கோடு வந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றார். நான்காவது கோட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா," என்றார் மெதுவாக. "இங்கதான்."

என் நிரல் வைத்திருந்தால் அந்தக் கோடு ஒரு வாக்கியம் தள்ளி விழுந்திருக்கும். கதையில் ஒரு தகப்பன் பஸ் நிலையத்தில் மகனை வழியனுப்புகிறான். பஸ் கிளம்புகிறது. கணக்குப் பார்த்தால், அவன் திரும்பி நடந்து டிக்கெட் கடைக்காரனிடம் சில்லறை வாங்குவதும் அதே பக்கத்தில்தான் வரும். என் கணவர் பஸ் கிளம்பியதோடு நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு நிமிஷம் கையில் வைத்திருந்த மனிதருக்கு, எதை விட்டு உடனே நகர முடியாது என்று தெரிந்திருந்தது.

டீச்சர் போனபிறகு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறைத்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். சர்வர் பதிவைப் பார்த்தது, மாட்டிய சொற்களைச் சாப்பாட்டில் பரிமாறியது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். முகம் சிவந்தது. கடைசியில் "பாக்காத," என்றார். கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இனி. பாக்காத."

அன்றே அந்தப் பதிவில் அவர் பெயர் வராதபடி செய்தேன். இப்போது அவர் எத்தனை பக்கம் வாசிக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நிரலை மாற்றி எழுதினேன். தளத்தின் மேலே இப்போது இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கின்றன: 'முழுக்கதை', 'சிறுபக்கம்'. சிறுபக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் நிரல் முதலில் கதைக்குள் கையால் வைத்த குறி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதற்குக் கட்டுப்படும். இல்லாத இடத்தில் மட்டும் தானாக எண்ணி வெட்டும். குறி முழுக்கதை வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குறிகளை வைப்பவர் என் கணவர். டீச்சர் கதையை ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுவார். இவர் தாளில் கோடு போட்டுக் கொடுப்பார், நான் ஏற்றுவேன். சில சமயம் ஏற்றும்போது எனக்கு உடன்பாடு இருக்காது. "இங்க ஏங்க?" என்று கேட்டால், விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டுவார். மறுபடி வாசித்துப் பார்த்தால் பாதி நேரம் அவர் சொல்வது சரியாக இருக்கும். மீதி நேரம் அவர் பிடிவாதம்.

போன மாதம் கதை எழுதிய பெண் ஒருத்தி ஈப்போவிலிருந்து கூப்பிட்டாள். சின்ன வயது, படபடப்பான பேச்சு. டீச்சரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள். "அக்கா, சிறுபக்கத்துல என் கதைய பாத்தேன். கடைசிக்கு முந்தின பக்கம் தப்பா முடியுது லா. அவ அழறதோட நிறுத்திட்டீங்க. அதுக்கு அடுத்த வரி ரொம்ப முக்கியம், ரெண்டும் சேந்து வரணும். மாத்திருங்க அக்கா, பிளீஸ்."

மாத்திடுறேன்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை. போனைச் சுட்டிக்காட்டினார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் போனில் பேசியதே இல்லை. எதிரில் முகம் இருந்தால்தான் அவருக்குச் சொல் வரும். மகளிடம்கூடத் திரையில் முகம் பார்த்துத்தான் பேசுவார். "ஒரு நிமிஷம்மா, கோடு போட்டவரே பேசறாரு. கொஞ்சம் மெதுவா பேசுவாரு," என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். தாடை அசைந்தது. அந்தப் பக்கம் அவள் "ஹலோ, அங்கிள்?" என்றாள். பிறகு புரிந்துகொண்டாளோ என்னவோ, அவளும் காத்திருந்தாள்.

"அவ... அழுதா," என்றார். மூச்சு வாங்கினார். "விடு. கொஞ்சம்... அழட்டும். அப்புறம்... அடுத்த பக்கம்."

அவள் குரலைத் தணித்து என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் மட்டும் கேட்டுக்கொண்டு, "ம்," என்றார். இன்னொரு "ம்." பிறகு போனை என்னிடம் நீட்டினார். "அங்கேயே இருக்கட்டும் அக்கா," என்றாள் அவள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அங்கிள்கிட்ட தேங்க்ஸ் சொல்லுங்க."

அன்றைக்கு நாங்கள் சாப்பிட இரண்டரை மணி ஆகிவிட்டது. குழம்பைச் சூடு பண்ணினேன், அப்பளம் பொரித்தேன். சாப்பிடும்போது அவள் கடைசியாக அவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவர் சிரித்தார், தலையை ஆட்டினார். சொல்லத் தெரியாமலா, சொல்ல விருப்பமில்லாமலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை.